ஆரகன் பாதையில் வண்டி கட்டியவர்கள் எதை ஏற்றினார்கள், எதனால் செத்தார்கள்?

1840களில் அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள மிசூரியிலிருந்து மேற்குக் கரையிலுள்ள ஆரகனுக்குக் கூண்டு வண்டியில் குடும்பத்தோடு போனவர்களைப் பற்றி ஒரு கணினி விளையாட்டு ஆடியதாகச் சொல்லி, நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதில் குதிரையை விட்டுவிட்டு மாடு வாங்கச் சொல்வது ஏன்? தோட்டாவைக் குறைத்து மாவை ஏற்றுவது சரியா? நிஜத்தில் செவ்விந்தியர் தாக்குதல்தான் பெரிய ஆபத்தா? நானாக இருந்தால் என்ன ஏற்றுவேன்? நாலாகத் தெரிந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒரே வண்டியில் அடங்குகிற சாமானோடு 3,200 கிலோமீட்டர் போக வேண்டியவர்கள் எதற்குப் பயந்து எதை ஏற்றினார்கள், அந்தப் பயம் சரியான இடத்தில் இருந்ததா? கல்லூரியில் முதுகலை மாணவர்களுக்கு அமெரிக்க வரலாறு நடத்தியவன் நான். இந்தப் பயணிகளின் நாட்குறிப்புகளைப் பாடத்துக்காகத் தொட்டு, பிறகு ருசிக்காகவே படித்தேன். மாடு பூட்டி வண்டி ஓட்டிய அனுபவம் எனக்குக் கிடையாது. அதனால் மாட்டைப் பற்றி நான் சொல்வதெல்லாம் ஏட்டுப் படிப்பு. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வழியில் உட்கார்ந்து அன்றன்றைக்கு எழுதிய குறிப்பு வேறு, 40 வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகளுக்காக எழுதிய நினைவு வேறு. இரண்டாவதில் ஆறுகள் அகலமாகிவிடும், எதிரிகள் பெருகிவிடுவார்கள். கீழே சொல்வதில் நான் முதல் வகையையே அதிகம் நம்புகிறேன்.

யார் போனார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1843இல் ஏறக்குறைய 1,000 பேர் மிசூரியின் இண்டிபெண்டென்ஸ் ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரே பருவத்தில் கிளம்பியதுதான் முதல் பெரிய அலை. 1837இல் ஏற்பட்ட பொருளாதார வீழ்ச்சியில் விளைபொருள் விலை படுத்துவிட்டது. மிசிசிப்பிப் பள்ளத்தாக்கில் மலேரியாக் காய்ச்சல் விட்டபாடில்லை. ஆரகனில் நல்ல மண் சும்மா கிடைக்கிறது என்று கேள்வி. 1850இல் வந்த சட்டம் அதை உறுதியாக்கியது. அந்த ஆண்டு டிசம்பர் 1க்குள் குடியேறிய வெள்ளையர் தம்பதிக்கு 640 ஏக்கர். அதில் பாதி மனைவியின் பெயரில். கலிபோர்னியாவில் 1848இல் தங்கம் கிடைத்ததும் கூட்டம் பல மடங்கு பெருகியது. ஆரகன், கலிபோர்னியா, யூட்டா மூன்றுக்கும் சேர்த்து மொத்தம் 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் பேர் வரை போயிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். வாசலில் நின்று யாரும் எண்ணவில்லை, ஆகவே இது மதிப்பீடுதான். 1869 மே மாதம் கண்டத்தின் குறுக்கே ரயில்பாதை இணைந்ததும் வண்டிப் பயணத்தின் தேவை குறையத் தொடங்கியது.

சினிமாவில் வருகிற பெரிய படகு போன்ற சரக்கு வண்டியை மறந்துவிடுங்கள். குடும்பங்கள் கொண்டுபோனது சாதாரணப் பண்ணை வண்டியைக் கொஞ்சம் பலப்படுத்தியது. பெட்டி 10 அடியிலிருந்து 12 அடி நீளம், சுமார் 4 அடி அகலம். மேலே வளைத்த மரச்சட்டங்கள். அவற்றின் மீது ஆளிவிதை எண்ணெய் ஊறிய கனத்த துணி. வில்லும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. இதில் ஏறிப் பயணம் செய்தார்கள் என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. நோயாளியும் கைக்குழந்தையும் முடியாதவர்களும் ஏறினார்கள், மற்றவர்கள் நடந்தார்கள். மாடு பூட்டிய வண்டிக்குக் கடிவாளம் பிடிக்க ஆசனமே தேவையில்லை. ஓட்டுகிறவர் இடது பக்கமாக நடந்துகொண்டே, வலப்பக்கம் திரும்ப ‘ஜீ’, இடப்பக்கம் திரும்ப ‘ஹா’ என்று குரல் கொடுப்பார். அந்தப் பெட்டியில் 900 கிலோவிலிருந்து 1,100 கிலோ வரைதான் ஏற்றலாம். அதற்கு மேல் ஏற்றினால் முதல் 500 கிலோமீட்டருக்குத் தாங்கும். அதற்கப்புறம் மாடு தாங்காது.

ஆக, மாடு. உங்கள் முதல் கேள்விக்கு அந்தக் காலத்து ராணுவ அதிகாரி ஒருவரே பதில் எழுதி வைத்திருக்கிறார். கேப்டன் ராண்டால்ஃப் மார்சி 1859இல் பயணிகளுக்காக ஒரு கையேடு வெளியிட்டார். அதில் அவர் கணக்கு நேர்மையானது. நல்ல கெட்டியான பாதை, தானியம் கிடைக்கும் ஊர், 1,000 மைலுக்குள் பயணம் என்றால் கோவேறு கழுதைதான் மேல்; வேகமாகப் போகும், வெயிலையும் தாங்கும். ஆனால் 1,500, 2,000 மைல் என்று நீண்டால், அல்லது மணலும் சேறுமான பாதை என்றால், இளம் மாடுகள்தான் நிலைக்கும் என்கிறார். விலையும் சொல்கிறார்: 6 கோவேறு கழுதைகளுக்கு 600 டாலர், எல்லைப்புறச் சந்தையில் 8 மாடுகளுக்கு 200 டாலர். தானியம் போட்டு வளர்த்த குதிரையைப் புல்லை மட்டும் நம்பிப் பாரம் இழுக்க விட்டால் மெலிந்து உட்கார்ந்துவிடும். மாடு வழியோரப் புல்லைத் தின்று அசைபோட்டுக்கொண்டே இழுக்கும். மிரண்டு ஓடுவதும், திருட்டுப் போவதும் குறைவு. கால் உடைந்தால் அன்று இரவு இறைச்சி. இதையெல்லாம் தாண்டி மாட்டுக்கு ஒரே குறை வேகம்: மணிக்கு 3 கிலோமீட்டர், நல்ல நாளில் 24 கிலோமீட்டர். 3,200ஐ 24ஆல் வகுத்தால் 133 நாள். ஆறு கடப்பது, அச்சு முறிவது, பிள்ளைப்பேறு, சாவு, ஞாயிறு ஓய்வு எல்லாம் சேர்த்தால் ஐந்து மாதம். இந்த ஐந்து மாதம் என்ற எண்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது.

ஏனென்றால் கிளம்புகிற தேதி மாட்டின் கையில் இருந்தது. ஏப்ரல் கடைசிக்கு முன்னால் கிளம்பினால் சமவெளியில் புல் முளைத்திருக்காது, மாடு பட்டினி. மே பாதிக்குப் பிறகு கிளம்பினால் முன்னால் போனவர்களின் மாடுகள் புல்லை மேய்ந்து தீர்த்திருக்கும். அக்டோபரில் மலையில் பனி. இரண்டுக்கும் நடுவே மூன்று வாரச் சந்துதான். வயோமிங்கில் இண்டிபெண்டென்ஸ் ராக் என்ற பெரிய கருங்கல் குன்று இருக்கிறது. ஜூலை 4க்குள் அதைத் தொட்டுவிட வேண்டும் என்பது வழிநடையில் பரவியிருந்த கணக்கு. பெயர் அதற்கு முன்பே வந்தது; 1830இல் அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4ஐ அங்கே கொண்டாடிய தோல் வியாபாரிகள் வைத்ததாகச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை நிற்பதா நடப்பதா என்று எத்தனையோ கூட்டங்கள் சண்டை போட்டுப் பிரிந்திருக்கின்றன. வேதத்துக்காக நின்றவர்களின் மாடுகளுக்கும் சேர்த்து ஓய்வு கிடைத்தது என்பதால், அவர்கள் பெரிதாகப் பின்தங்கிவிடவில்லை என்று குறிப்புகளைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம், நிரூபிக்க வழியில்லை.

இப்போது மாவு. மூன்று கையேடுகளின் பட்டியலை அருகருகே வைத்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் 1845இல் ஒரு ஆளுக்குச் சொன்னது: மாவு 90 கிலோ, பேக்கன் என்கிற உப்பிட்ட பன்றி இறைச்சி 68 கிலோ, காப்பி 4.5 கிலோ, சர்க்கரை 9 கிலோ, உப்பு 4.5 கிலோ. கூட்டினால் தலைக்கு 176 கிலோ. பெரியவர்கள் நாலு பேர் என்றால் 700 கிலோவைத் தாண்டிவிடும். 900 கிலோ வண்டியில் மிச்சம் 200 கிலோ. அதற்குள் படுக்கை, கூடாரம், கோடரி, மண்வெட்டி, சட்டி பானை, தண்ணீர்ப் பீப்பாய், மாற்று அச்சு, வெடிமருந்து, துணிமணி, பாட்டி கொடுத்த அலமாரி. பாட்டியின் அலமாரிக்கு இடமில்லை என்பது புறப்படும்போதே எண்ணில் எழுதியிருந்தது. ஆனாலும் ஏற்றினார்கள்.

ஜோயல் பாமர் 1845இல் தானே போய், மறு ஆண்டு திரும்பி, 1847இல் தன் அனுபவத்தை அச்சிட்டவர். அவர் பட்டியலில் மாவு அதே 90 கிலோ. ஆனால் பேக்கனைப் பாதியாக வெட்டி 34 கிலோ ஆக்கிவிட்டு, அந்த இடத்தில் காய்ந்த பீன்ஸ், 4.5 கிலோ அரிசி, கப்பலில் கொண்டுபோகிற காய்ந்த ரொட்டி, வறுத்து அரைத்த சோளம், ஒரு புஷல் அதாவது சுமார் 35 லிட்டர் உலர்பழம், ஒரு சின்னப் பீப்பாய் வினிகர் என்று நிரப்புகிறார். நடந்து பார்த்தவன் எழுதியது என்பது அதிலேயே தெரிகிறது. மாவும் பன்றிக்கொழுப்பும் மட்டும் தின்று மூன்று மாதம் போனால் ஈறு வீங்கி, பல் ஆடி, காலில் கறுப்புத் திட்டு விழும்; ஸ்கர்வி. கப்பல்காரர்களுக்குத் தெரிந்திருந்த இந்த நோயை நிலத்தில் போகிற விவசாயிகள் எதிர்பார்க்கவில்லை. உலர்பழத்தில் வைட்டமின் சி அதிகம் மிஞ்சாது, வினிகரிலும் கிடையாது என்று இன்று தெரியும். ஆனாலும் புளிப்பு வேண்டும் என்ற திசை சரி. உண்மையில் காப்பாற்றியது வழியில் பிடுங்கிய காட்டு வெங்காயமும் கீரையும் பெர்ரிப் பழங்களும்தான். மார்சி சிட்ரிக் அமிலப் பொடியைச் சர்க்கரையோடும் எலுமிச்சை எசன்ஸோடும் கலந்து குடிக்கச் சொன்னார். குடிக்க இதமாக இருந்திருக்கும், ஆனால் வெறும் சிட்ரிக் அமிலத்துக்கு ஸ்கர்வியைத் தடுக்கும் சக்தி இல்லை.

எப்படிக் கட்டினார்கள் என்பதில்தான் எனக்குப் பெரிய ஆர்வம். மாவு, 45 கிலோ கொள்கிற இரட்டைத் துணிப் பைகளில். பேக்கன் வெயிலில் உருகி ஒழுகிவிடும். அதனால் பெட்டியில் வைத்துச் சுற்றிலும் தவிட்டைக் கொட்டி அமுக்கினார்கள். சோளமாவுப் பீப்பாய்க்குள் முட்டைகளைப் புதைத்தார்கள். முட்டை தீர்ந்ததும் அந்த மாவு ரொட்டியாகிவிடும். சர்க்கரை நனையாமல் ரப்பர் பையில். வெண்ணெய் கெடாமலிருக்க மார்சி சொல்லும் வழி நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை: நன்றாகக் காய்ச்சி, மேலே வரும் நுரையை எடுத்து எடுத்துப் போட்டு, எண்ணெய் போலத் தெளிந்ததும் தகர டப்பாவில் ஊற்றி ஈயம் வைத்து மூடு. நம் வீட்டு நெய்யேதான். ஆனால் ஒரு அமெரிக்கக் கேப்டன் அதைப் புதுச் செய்தியாக எழுதுகிறார். கறவை மாடு கூட வந்த குடும்பங்களில் காலையில் கறந்து மிஞ்சிய பாலைத் தூக்குவாளியில் மூடி வண்டிக்கு அடியில் தொங்கவிடுவார்கள். நாள் முழுக்க வண்டி குலுங்குகிற குலுக்கலில் சாயங்காலத்துக்குள் வெண்ணெய் திரண்டிருக்கும். மாவைப் பொங்க வைக்கும் சோடா உப்பு தீர்ந்துவிட்டால் இண்டிபெண்டென்ஸ் ராக் பக்கத்தில் வற்றிய உவர்க்குட்டையின் ஓரத்திலிருந்து வெள்ளைப் படிவைச் சுரண்டி ரொட்டிக்குப் போட்டார்கள். அடுப்புக்கு பிளாட் நதிச் சமவெளியில் மரமே கிடையாது. காய்ந்த எருமைச் சாணம்தான். முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பொறுக்கிய பெண்கள் ஒரு வாரத்தில் பாவாடை மடியில் அள்ளி வந்ததாக எழுதியிருக்கிறார்கள்.

அதிகமாக ஏற்றியதன் கதி என்ன என்பதற்கு 1849இல் ஃபோர்ட் லாரமி கோட்டைப் பக்கத்துப் பாதையைச் சொல்ல வேண்டும். மிசூரிக் கரைக் கடைக்காரர்கள் பேச்சைக் கேட்டு வாங்கியதெல்லாம் அங்கே கிடந்தது. இரும்பு அடுப்பு, பெட்டி, நாற்காலி, பட்டறைக் கல், குவியல் குவியலாகப் பேக்கன். பசித்தவர்களும் அதே பாதையில்தான் போனார்கள், ஆனால் எடுத்து ஏற்ற மாட்டில் தெம்பில்லை. சிலர் தூக்கிப் போடும்போது மற்றவனுக்கு உதவக் கூடாதென்று மாவில் மண்ணைக் கலந்துவிட்டும் சர்க்கரையில் டர்பெண்டைன் ஊற்றிவிட்டும் போனதாகக் குறிப்புகள் சொல்கின்றன. சிலர் ‘வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்’ என்று எழுதி வைத்துப் போயிருக்கிறார்கள். எது அதிகம் நடந்தது என்று எண்ணிச் சொல்ல முடியாது. எழுதுகிறவனுக்குக் கோபம் வந்த சம்பவமே ஏட்டில் ஏறும்.

தோட்டாவைக் குறைக்கலாமா என்று கேட்டீர்கள். குறைத்திருக்கலாம். ஜான் அன்ரூ என்ற வரலாற்றாய்வாளர் 1840 முதல் 1860 வரையிலான பதிவுகளைச் சலித்து எடுத்த கணக்கில், பூர்வகுடிகள் கையால் இறந்த பயணிகள் 362. பயணிகள் கையால் இறந்த பூர்வகுடிகள் 426. இருபது ஆண்டுகளில், லட்சக்கணக்கானோரில். பதிவாகாத சாவுகள் இருந்திருக்கும், குறிப்பாகப் பூர்வகுடிகள் பக்கத்தில். அதனால் இரண்டாவது எண்ணைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்வதே நியாயம். அன்றாடம் நடந்தது வியாபாரம். ஸ்நேக் நதியில் சாமன் மீன், கயூஸ் மக்களிடம் உருளைக்கிழங்கும் குதிரையும், பதிலுக்குச் சட்டை, தூண்டில் முள், துணி. ஆற்றைக் கடத்திவிட்டதும் வழி காட்டியதும் அவர்களே. மாடு, குதிரை திருட்டு நடந்தது, அதில் சந்தேகமில்லை. இரவில் வண்டிகளை வட்டமாக நிறுத்தியதும் பெரும்பாலும் மாடுகளை உள்ளே அடைக்கத்தான். மறுபக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். பிளாட் பள்ளத்தாக்கில் புல்லும் விறகும் எருமையும் ஒழிந்ததும், 1849இல் பயணிகள் கொண்டுவந்த காலராவில் பானி, ஷயான் மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்ததும் அவர்களுக்கு நேர்ந்த நஷ்டம். 1851இல் லாரமியில் போட்ட ஒப்பந்தம் அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 50,000 டாலர் மதிப்புள்ள பொருள் தருவதாகச் சொன்னது. நிலத்தின் விலையாக இது ஒன்றுமில்லை.

துப்பாக்கி இன்னொரு விதத்தில் கொன்றது. குண்டு போட்டு வண்டிக்குள் சாய்த்து வைத்த துப்பாக்கியைக் குழாயைப் பிடித்து இழுத்து எடுப்பார்கள், துப்பாக்கியின் குதிரை என்கிற விசை எங்காவது மாட்டும், வெடிக்கும். வாழ்நாளில் துப்பாக்கி பிடிக்காத நகரத்து ஆட்கள் இடுப்பில் இரண்டு செருகிக்கொண்டு கிளம்பியதை அனுபவசாலிகள் கேலி செய்து எழுதியிருக்கிறார்கள்.

பெரிய கொலைகாரன் தண்ணீரில் இருந்தது. வங்காளத்தில் தொடங்கி உலகைச் சுற்றிய காலரா அலை 1848 கடைசியில் கப்பலேறி நியூ ஆர்லியன்ஸில் இறங்கியது. அங்கிருந்து நீராவிப் படகுகளில் மிசிசிப்பி வழியே மேலேறி செயின்ட் லூயிஸில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. பயணிகள் வண்டி வாங்கவும் சாமான் வாங்கவும் வந்து குவிந்த ஊர்கள் அவைதான். நோயையும் சேர்த்து ஏற்றிக்கொண்டார்கள். மிசூரிக் கரையிலிருந்து லாரமி வரையுள்ள பிளாட் நதிப் பாதையில் 1849, 1850, 1852 மூன்று ஆண்டுகளும் கொடுமை. ஒரே இடத்தில் நேற்று ஒரு கூட்டம், இன்று ஒரு கூட்டம், நாளை ஒரு கூட்டம் தங்குகிறது. ஆற்றுத் தண்ணீர் கலங்கல் என்று கரையிலேயே இரண்டடி, மூன்றடிக் குழி தோண்டி ஊறுகிற தண்ணீரை மொள்வார்கள். பத்தடி தள்ளிக் கழிப்பிடம். காலையில் நன்றாக இருந்தவர் சாயங்காலம் குழிக்குள் போவார். மருந்து என்றால் அபின் கரைசலும், கலோமெல் என்ற பாதரச உப்பும். இரண்டாவது, வயிறு ஏற்கெனவே காலியான நோயாளிக்குப் பேதி மருந்து. உதவியதை விடக் கெடுத்ததே அதிகம் என்பதில் இன்று மருத்துவர்களுக்கு இரண்டு கருத்து இல்லை. காலராவுக்குத் தண்ணீரோடு தொடர்பு உண்டு என்று லண்டனில் ஜான் ஸ்னோ காட்டிய புகழ்பெற்ற குழாயடி ஆய்வு 1854இல்தான். கிருமியை ராபர்ட் காக் கல்கத்தாவில் உறுதி செய்தது 1884இல். இவர்களுக்கு அது தெரிய வழியில்லை. ஆனால் நாள் முழுக்கக் காப்பி குடித்தார்கள், குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள்; அதற்காகத் தண்ணீர் கொதித்தது. அந்தப் பழக்கம் பலரைத் தெரியாமலேயே காப்பாற்றியிருக்க வேண்டும். எண் கொடுத்து நிறுவ முடியாத ஊகம்தான், ஆனால் கிருமியின் குணத்துக்குப் பொருந்துகிறது.

மொத்தச் சாவு நூற்றுக்கு நாலிலிருந்து ஆறு என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வீட்டிலேயே இருந்திருந்தாலும் அந்தக் காலத்தில் இவர்களில் ஒரு பங்கு பேர் செத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். சராசரி எண்ணை விட ஒரு குடும்பத்தைப் பார்த்தால் விளங்கும். 1844இல் ஹென்றி, நயோமி சேகர் தம்பதி ஆறு பிள்ளைகளோடு கிளம்பினார்கள். வழியில் ஏழாவது பிறந்தது. லாரமிக்குப் பக்கத்தில் ஒன்பது வயது கேத்தரின், ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தாள். பிள்ளைகள் தினமும் குதித்து விளையாடுவதுதான். அன்று பாவாடை கோடரிப் பிடியில் மாட்டியது, கால் சக்கரத்துக்கு அடியில் போய் எலும்பு நொறுங்கியது. மீதிப் பயணத்தில் பெரும்பகுதி அவளுக்கு வண்டிக்குள்தான். சில வாரத்தில் அப்பா காய்ச்சலில் போனார், கிரீன் நதிக்கரையில் புதைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் அம்மாவும். ஏழு பிள்ளைகளையும் கூட்டத்தினர் கைவிடவில்லை. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற பெண்கள் முறை வைத்துப் பால் கொடுத்தார்கள். கூட வந்த ஒரு ஜெர்மன் வைத்தியர் அவர்கள் வண்டியை ஓட்டினார். விட்மன் தம்பதி நடத்திய மிஷனில் சேர்ந்தார்கள், வளர்ப்புப் பிள்ளைகளானார்கள். 1847 நவம்பரில் தட்டம்மைச் சாவுகளால் கொதித்த கயூஸ் ஆட்கள் மிஷனைத் தாக்கியபோது விட்மன் தம்பதியோடு இந்தக் குடும்பத்தின் இரண்டு பையன்களும் இறந்தார்கள். கேத்தரின் பிழைத்து, பின்னாளில் இதையெல்லாம் எழுதினாள். நினைவில் எழுதியதுதான், ஆனால் முக்கிய சம்பவங்களை மற்றவர்களின் சாட்சியமும் உறுதி செய்கிறது.

நோய் தாண்டினால் வண்டியே எதிரி. மிசூரியின் ஈரக்காற்றில் செய்த சக்கரம் வயோமிங் வறட்சிக்கு வந்ததும் மரம் சுருங்கும். ஆரக்கால் குடத்தில் ஆடும், வட்டைக்கு மேலிருக்கிற இரும்புப் பட்டை கழன்று உருளும். ஆறு கிடைத்த இடத்தில் சக்கரத்தைக் கழற்றி இரவெல்லாம் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் வட்டையைச் சுற்றி மெல்லிய மரப்பட்டை வைத்து, இரும்புப் பட்டையைச் சிவக்கச் சுட்டு மாட்டித் தண்ணீர் ஊற்றி இறுக்குவார்கள். பின்னச்சில் தொங்குகிற வாளியில் தாரும் கொழுப்பும் கலந்த மசகு. அது தீர்ந்தால் பேக்கன் கொழுப்பு. அதே பேக்கன், உவர்த்தண்ணீர் குடித்து வயிறு உப்பிய மாட்டின் தொண்டைக்குள்ளும் வினிகரோடு போனது. மாட்டின் குளம்பு தேய்ந்துவிட்டால் ஒரு காலுக்கு இரண்டு லாடம். லாடம் இல்லாதவர்கள் எருமைத்தோலில் செருப்புத் தைத்துக் கட்டினார்கள். மனிதர்களின் செருப்பு அதற்கு முன்பே போயிருக்கும்.

கையேடு எழுதிய ஹேஸ்டிங்ஸை இங்கே திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவுக்கு ஃபோர்ட் பிரிட்ஜரிலிருந்து தென்மேற்காகத் திரும்பி உப்பேரி வழியே போனால் பாதை குறையும் என்று புத்தகத்தில் எழுதினார். எழுதும்போது அந்த வழியில் அவர் போனதே இல்லை. 1846இல் எதிர்த்திசையில் வந்து பார்த்தார், அதுவும் குதிரையில். அந்த வழியை நம்பித் திரும்பியவர்கள்தான் டானர், ரீட் குடும்பங்களும் மற்றவர்களும். மொத்தம் 87 பேர். லாரமியில் ஜேம்ஸ் கிளைமன் என்ற அனுபவசாலி, பழைய பாதையை விடாதீர்கள் என்று நேருக்கு நேர் சொல்லியும் கேட்கவில்லை. மலையில் மரம் வெட்டிப் பாதை போடுவதில் நாட்கள் போயின. 40 மைல் என்று நம்பிய உப்புப் பாலை 80 மைலாக நீண்டது, தண்ணீரின்றி மாடுகள் மடிந்தன. சியரா நெவாடா மலைக்கு வந்து சேரும்போது அக்டோபர் கடைசி, பனி மூடியது. ஏறக்குறைய பாதிப் பேரே உயிரோடு திரும்பினார்கள், அதிலும் சிலர் இறந்தவர்களின் சதையைத் தின்று. ரீட் குடும்பத்துக்கு மாடி வைத்த ராட்சத வண்டி இருந்தது, அதனால்தான் தாமதம் என்று ஒரு கதை உலவுகிறது. அது பெரும்பாலும் பல ஆண்டு கழித்து எழுதிய நினைவிலிருந்து வந்தது. நான் அதை அப்படியே நம்பவில்லை. பிழைத்த வர்ஜீனியா ரீட் என்ற சிறுமி 1847இல் உறவுப்பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில், குறுக்குவழி மட்டும் எடுக்காதே, முடிந்த வேகத்தில் போ என்கிறாள். எல்லாக் கையேடுகளையும் விட அது சுருக்கமான கையேடு.

இவ்வளவும் யாருக்குக் கட்டுப்படியானது என்றால், பரம ஏழைக்கு இல்லை. வண்டி, மாடு, சாமான் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பத்துக்குச் சில நூறு டாலரிலிருந்து ஆயிரம் டாலர் வரை பிடித்தது. நிலத்தை விற்றவர்கள் கிளம்பினார்கள். பணமில்லாத இளைஞர்கள் சாப்பாட்டுக்கு மாடோட்டியாகச் சேர்ந்துகொண்டார்கள். மோர்மன் என்ற மதப்பிரிவினர் 1856இல் செலவைக் குறைக்க மாடே இல்லாமல் கையால் இழுக்கும் வண்டிகளில் மக்களை அனுப்பினார்கள். முதலில் போன கூட்டங்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. பிந்திக் கிளம்பிய இரண்டு கூட்டங்கள் வயோமிங் பனியில் சிக்கி, 200க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

கடைசியாக, நானாக இருந்தால். மூன்று ஜோடி இளம் மாடுகளும், கூடவே நடக்க இன்னொரு ஜோடியும். ஒரு கறவை. பாமர் பட்டியல், அதில் காப்பியை மட்டும் இரண்டு மடங்காக்கிவிடுவேன், சர்க்கரையைக் குறைத்துக்கொள்வேன். ஆளுக்கு மூன்று ஜோடி பூட்ஸ், மாட்டுக்கு லாடம், மாற்று அச்சு ஒன்று, நல்ல கயிறு நிறைய. கயிறு ஏனென்றால், கேஸ்கேட் மலையில் 1846இல் திறந்த பார்லோ சுங்கப்பாதையில் வண்டிக்கு 5 டாலர் வாங்கிக்கொண்டு உங்களை லாரல் ஹில் என்ற செங்குத்துச் சரிவில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அங்கே வண்டியின் பின்னால் கயிறு கட்டி, மரத்தில் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத்தான் இறக்க வேண்டும். அதற்கு முன் காலத்தவர்கள் டாலஸ் என்ற இடத்தில் வண்டியைத் தெப்பத்தில் ஏற்றிக் கொலம்பியா நதியின் சுழலோடு போராடினார்கள். எனக்கு நீச்சல் தெரியாது, ஆகவே சுங்கமே மேல். துப்பாக்கி ஒன்று போதும், அதுவும் குண்டு போடாமல். இரும்பு அடுப்பை மிசூரிக் கரையிலேயே விற்றுவிடுவேன். லாரமிக்குப் போனால் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளிருக்காது.